புள்ளி தொலைந்த கதை: ஓலைச்சுவடியிலிருந்து ஜேபெக் வரை

'கல்வி' என்ற சொல்லில் இருக்கிற ஒரே ஒரு புள்ளியை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன சொல் பள்ளியறைக்குப் போய்விடும் :-) தமிழில் ஒரு புள்ளி என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்தப் பதிவு கணினியில் படங்களைச் சேமிக்கிற கோப்பு வகைகளைப் பற்றியது. ஜிஃப், ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் என்று பேர் பேராக இருக்கிறதே, அவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்கிற சமாச்சாரம். இதை மெகாபைட் கணக்காக எழுதினால் யாருக்கும் ஒட்டாது. அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம்னு இருக்கேன். அதாவது, இந்தக் கோப்புக்குள் போன தமிழ்ப் புள்ளி உயிரோடு வெளியே வருமா, வராதா?

கதை நம்ம கொங்கு மண்ணில்தான் ஆரம்பிக்கிறது. பெருந்துறை பக்கத்தில் சீனாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அந்த ஊர்க்காரர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த நன்னூலில் எழுத்தின் வடிவத்தைச் சொல்லும் இடத்தில், மெய்யெழுத்துக்கும் குறில் எகர ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்று விதி இருக்கிறது. தொல்காப்பியமும் இதையேதான் சொல்கிறது. ஆக, அன்றைய கணக்குப்படி புள்ளி வைத்தால் 'எ' குறில், வைக்காவிட்டால் நெடில்.

விதியெல்லாம் சரிதான், ஓலையில் என்ன நடந்தது? எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், கிழியும். அதனால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. போதாக்குறைக்கு 'ர'வும் துணைக்காலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இப்போது 'பொன்' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பொன் என்றும் படிக்கலாம், போன என்றும் படிக்கலாம், 'பெரன' என்றுகூடப் படிக்கலாம். நம்ம 'கொங்கு'வே ஓலையில் கோங்க மரமாக மாறி நிற்கும். எது சரி என்பதைப் படிக்கிறவர்தான் இடம் பார்த்து முடிவு கட்ட வேண்டும். உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஏட்டோடு மல்லுக்கட்டியதில் பாதி இந்த வேலைதான்.

கணினிக்காரர்கள் 'இழப்புள்ள சுருக்கம்' என்று ஒன்று சொல்வார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் தகவலைத் தூக்கி எறிவது, படிக்கிறவர் அதைத் தானாக நிரப்பிக்கொள்வார் என்று நம்புவது. ஓலை எழுதினவர் புள்ளியை விட்டது இடத்துக்காக இல்லை, ஓலை கிழியக்கூடாது என்பதற்காக. ஆனால் பேரம் ஒன்றேதான். சரக்கு சேதாரம் இல்லாமல் போய்ச்சேர வேண்டும், அதற்கு எதை விடலாம்?

இதில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஓலைக்கு ஆயுசு கொஞ்சம்தான். பழசு இற்றுப்போகும் முன்னால் புது ஓலையில் படி எடுக்க வேண்டும். படி எடுக்கும்போது ஒரு பிழை சேரும், அதைப் பார்த்து எடுக்கிற அடுத்த படியில் இன்னொன்று சேரும். எதைப் படி எடுக்காமல் விட்டார்களோ அது மொத்தமாகப் போச்சு. பெருங்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் கொங்குவேளிர். சீனாபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற விசயமங்கலம் அவர் ஊர் என்பார்கள். உ.வே.சா. அந்த நூலை 1924-ல் அச்சிட்டபோது தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இன்றைக்கு வரைக்கும் அப்படியேதான் படிக்கிறோம்.

வீரமாமுனிவர் (1680-1747) வந்து ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவம் கொடுத்தார். பிறகு அச்சு பரவியது. ஈய எழுத்துக்குக் கிழியும் பயம் கிடையாது. புள்ளி திரும்பி வந்து சௌக்கியமாக உட்கார்ந்துகொண்டது. அப்பாடா என்று இருந்தால், ஸ்கேனர் வந்தது.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம் உள்ள ஒரு புத்தகப் பக்கம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 1650 பெருக்கல் 2550, அதாவது ஏறத்தாழ 42 லட்சம் பிக்சல். முழு வண்ணம் என்றால் ஒரு பிக்சலுக்கு 3 பைட். ஒரு பக்கத்துக்கு 12 மெகாபைட்டுக்கு மேல்! 300 பக்கப் புத்தகம் சுமார் 3.8 ஜிகாபைட். விண்டோஸின் பழைய பிஎம்பி கோப்பு இப்படித்தான், எதையும் சுருக்காமல் அப்படியே கொட்டி வைக்கும். சத்தியசந்தன், ஆனால் வீட்டுக்குள் இடம் பத்தாது.

அச்சில் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். 300 வீதத்தில் அதற்குச் சுமார் 6 பிக்சல் கிடைக்கும். 600 என்றால் 12. திரையில் பார்க்கப் போதும் என்று 72-க்குக் குறைத்தால் ஒன்றரை பிக்சல்கூடத் தேறாது. எந்தக் கோப்பு வகை என்று பார்க்கும் முன்னாலேயே பாதிப் புள்ளி இங்கே காலி. இதை மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலில் ஜிஃப். 1987-ல் அமெரிக்காவின் கம்ப்யுசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் உருவானது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். பட்டை பட்டையாகச் சிவப்பு, பச்சை, நீலம். நெய்கிறவர் 'சிவப்பு, சிவப்பு, சிவப்பு' என்று ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகக் குறித்து வைக்க மாட்டார். 'சிவப்பு நாற்பது, அப்புறம் பச்சை பத்து, இதே மாதிரி மறுபடியும்' என்பார். ஜிஃப் செய்வதும் ஏறத்தாழ அதுதான். திரும்பத் திரும்ப வருகிற வரிசைக்கு ஒரு சுருக்கக் குறி போட்டுவிடும். விரித்தால் ஓர் இழைகூடக் குறையாது. ஆனால் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 256 வண்ணம்தான். ஜமக்காளத்துக்கு அது தாராளம். வெள்ளியங்கிரி மலையில் மேகம் இறங்குகிற படத்துக்குப் பத்தாது, வானம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

எழுத்துக்கு? அருமை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு இரண்டு வண்ணம் போதுமே. தமிழ் இணையத்தின் ஆரம்ப காலம் நினைவிருப்பவர்களுக்கு இது தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப், இன்னொரு பக்கம் டிஸ்கி (பதிவின் கடைசியில் போடுகிற டிஸ்கி இல்லைங்க, இது எழுத்துக் குறியேற்றம்). எந்த எழுத்துரு படிப்பவரிடம் இருக்கும் என்று தெரியாததால், தலைப்பையும் சில இடங்களில் முழுப் பத்தியையும் ஜிஃப் படமாகவே போட்டார்கள். புள்ளி பத்திரமாக வந்தது. தேடத்தான் முடியாது.

ஜிஃபுக்கு ஒரு கெரகம் பிடித்தது. அதன் உள்ளே இருக்கும் எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கமுறைக்கு யுனிசிஸ் நிறுவனத்திடம் அமெரிக்கக் காப்புரிமை இருந்தது. 1994 கடைசியில் 'ஜிஃப் மென்பொருள் செய்கிறவர்கள் உரிமத்தொகை கட்டு' என்று அறிவிப்பு வந்தது. ஊரே பொதுக்கிணறு என்று நினைத்துத் தண்ணி சேந்திக்கிட்டு இருந்தபோது பத்திரத்தோடு ஒருத்தர் வந்து நின்ற கதை. 1999 நவம்பர் 5-ல் 'எல்லா ஜிஃபையும் எரிப்போம்' என்று ஒரு போராட்ட நாளே நடத்தினார்கள். இந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி. 1995 ஜனவரியில் தாமஸ் பூட்டெல் விதை போட்டார், 1996 அக்டோபர் 1-ல் அது டபிள்யூ3சி-யின் பரிந்துரை ஆனது. யாருக்கும் காசு கட்ட வேண்டாம், முழு வண்ணமும் உண்டு, ஒரு பிக்சலும் குறையாது. யுனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதி ஆனது. அதற்குள் பிஎன்ஜி வேர் பிடித்துவிட்டது. தமிழ் எழுத்து இருக்கிற எந்தப் படத்துக்கும், திரைப்பிடிப்புக்கும், இன்றைக்கும் என் ஓட்டு பிஎன்ஜிக்குத்தான்.

அடுத்து நம்ம ஹீரோ கம் வில்லன், ஜேபெக்.

இதன் உயிர்நாடியைக் கண்டுபிடித்ததில் நம்மாட்கள் பங்கு பெரிசு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-ல் இதை ஆராய்வதற்கு அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. மனுசன் விடவில்லை, 1973 கோடை முழுக்க அதிலேயே உட்கார்ந்தார். 1974 ஜனவரியில் நசீர் அகமது, நடராஜன், கே.ஆர்.ராவ் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. ராவ், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-ல் படித்து முடித்தவர். அந்தச் சில பக்கக் கட்டுரையில் இருந்த கொசைன் உருமாற்றம்தான், பின்னாளில் 1992-ல் தரநிலையான ஜேபெக்குக்கு அடித்தளம்.

அது செய்வது என்ன? படத்தை எட்டுக்கு எட்டு, 64 பிக்சல் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைகளின் கலவையாக எழுதும். சில அலைகள் மெதுவானவை, சில படபடவென்று துடிப்பவை. மனிதக் கண்ணுக்கு மெதுவான ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும், படபடப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் வேகமான அலைகளின் எண்களைச் சுழியாக்கி விடலாம். முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி. கனமானது நிற்கும், லேசானது பறக்கும். நல்ல தரத்தில் சேமித்தால் பத்தில் ஒரு பங்கு அளவில் அதே படம் கிடைக்கும். முகத்துக்கும் மலைக்கும் மேகத்துக்கும் இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

எழுத்து வந்தால்தான் வம்பு. வெள்ளையிலிருந்து சடாரென்று கறுப்புக்குத் தாவுகிற எழுத்தின் விளிம்பு முழுக்க அந்த வேகமான அலைகளால் ஆனது. புள்ளி என்பது முழுக்க முழுக்க விளிம்புதான், அதற்கு உடம்பே கிடையாது. நெல் என்று நாம் நினைப்பது ஜேபெக்கின் முறத்துக்குப் பதர். தரத்தைக் குறைக்கக் குறைக்க எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அழுக்கு மொய்க்கும். இதற்கு ஆங்கிலத்தில் பொறியாளர்கள் வைத்த பெயரே 'கொசு இரைச்சல்'தான். அந்தக் கொசுக்கூட்டத்தில் எது புள்ளி, எது கொசு? ஒவ்வொரு முறை திறந்து, வெட்டி ஒட்டி, திரும்பச் சேமிக்கும்போதும் மறுபடி புடைப்பு நடக்கும். ஓலையைப் படிக்குப் படி எடுத்த அதே கதை, நூறு வருசத்துக்குப் பதிலாக ஒரு மத்தியானத்தில் நடந்து முடிகிறது.

நூலகங்கள் இதனால்தான் டிஃப் பக்கம் போயின. 1986-ல் ஆல்டஸ் நிறுவனம் ஸ்கேனர்களுக்காக ஆரம்பித்து வைத்தது. டிஃப் ஒரு பெட்டி மாதிரி. உள்ளே சுருக்காமலும் வைக்கலாம், பல விதமாகச் சுருக்கியும் வைக்கலாம். புத்தகப் பக்கத்துக்குப் பிரபலமானது தொலைநகல் இயந்திரங்களுக்காக 1980-களில் வந்த 'குரூப் 4' முறை. ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு பிட், கறுப்பா வெள்ளையா, அவ்வளவுதான். நம்ம 300 வீதப் பக்கம் சுருக்கும் முன்னாலேயே 12 மெகாபைட்டிலிருந்து சுமார் 520 கிலோபைட்டுக்கு இறங்கிவிடும். சுருக்கிய பிறகு இன்னும் எவ்வளவோ சின்னது. அந்தச் சுருக்கத்தில் இழப்பும் இல்லை.

2000-களில் இந்திய எண்ணிம நூலகம் (டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா) போன வழி இதுதான். ஒவ்வொரு பக்கமும் தனித்தனி டிஃப் கோப்பு. உலாவியில் தெரிவதற்கே தனிச் செருகுநிரல் வேண்டும். பக்கம் பக்கமாக இறக்கிக் கோர்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பிறகு அந்தத் தளம் நின்றுபோனாலும், அதன் நூல்களில் பெரும்பகுதி இண்டர்நெட் ஆர்க்கைவில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. 600 வீதத்தில் எடுத்ததால் எழுத்து கூர்மையாக நிற்கிறது. ஆனால் நிழற்படங்கள்? கறுப்பா வெள்ளையா என்று கேட்டால் ஒரு முகம் என்ன பதில் சொல்லும்? பழைய நூல்களின் முகப்பில் இருந்த ஆசிரியர் படங்கள் பல, மை கொட்டின மாதிரி இருக்கின்றன.

எழுத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. 'இதைவிடக் கறுப்பாக இருந்தால் மை, இல்லாவிட்டால் தாள்' என்று ஸ்கேனர் ஒரு கோடு கிழிக்கிறது. மங்கிப்போன புள்ளி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து தாளாகிவிடும். பூச்சி அரித்த ஓட்டை இந்தப் பக்கம் விழுந்து புதுப் புள்ளியாகிவிடும். அதற்கப்புறம் சுருக்கத்தில் இழப்பே இல்லை என்பது என்ன ஆறுதல்? தப்பை அச்சுப் பிசகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

இதையும் தாண்டி ஒருத்தர் இருக்கிறார், ஜேபிக்2. பிடிஎஃப்புக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரே மாதிரி தெரிகிற எழுத்துகளைத் தேடி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடுவார். 2013-ல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். 21.11 சதுர மீட்டர் என்று இருந்த அறை 14.13 ஆக வெளியே வந்தது. எழுத்து மங்கலாகவே இல்லை, பளிச்சென்று தப்பாக இருந்தது. இயந்திரத்தின் சுருக்கமுறை எண்களை மாற்றி ஒட்டியிருந்தது. ஜெராக்ஸ் பிறகு திருத்த மென்பொருள் வெளியிட்டது.

இப்போது தமிழை நினைத்துப் பாருங்கள். க, க் இரண்டுக்கும் வித்தியாசம் ஆறு பிக்சல். 'ஒரே மாதிரிதானே இருக்கு' என்று ஓர் இயந்திரம் நினைத்தால் என்ன ஆகும்? ஜேபெக் எழுத்தை மங்கலாக்கும், மங்கல் என்றால் நமக்குச் சந்தேகமாவது வரும். இது சந்தேகத்துக்கே இடம் வைக்காது. ஏட்டில் புரியாத இடத்தில் தனக்குத் தோன்றியதை எழுதி வைத்த ஆளும் இப்படித்தான்.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது, அதோடு சேர்ந்து கொடிசியா வளாகத்தில் தமிழ் இணைய மாநாடும். அந்தச் சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் குறியேற்றத் தரங்களாக அறிவித்தது. யூனிகோடில் புள்ளிக்குத் தனியாக ஓர் எண். 'க்' என்றால் ககரம், அதன் பின்னே புள்ளி. டேஸ்16-ல் 'க்' என்ற எழுத்துக்கே ஓர் எண். எது நல்லது என்று அப்போது நடந்த சண்டை ஊரறிந்தது. ஆனால் இரண்டிலுமே புள்ளி ஓர் எண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. எத்தனை தடவை நகல் எடுத்தாலும் தேயாது. பவணந்தியின் விதிக்கு ஓலையில் கிடைக்காத மரியாதை அவர் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நம்மிடம் இருக்கிற பழசில் பெரும்பகுதி இன்னும் எண்ணாக மாறவில்லை. படமாகத்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்து இயந்திரம் எழுத்தை அறிய வேண்டும். படத்தில் இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

கொங்கு நாட்டில் காணிப் பட்டயம், கோயில் கணக்கு, பழைய கிரயப் பத்திரம், திருவிழா அழைப்பு என்று வீட்டுப் பரணில் இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஈரோட்டுப் புலவர் செ.இராசு (2023-ல் மறைந்தார்) இப்படிப்பட்ட ஓலையையும் செப்பேட்டையும் தேடி ஊர் ஊராக அலைந்து பதிப்பித்தார். இன்றைக்கு அந்த வேலை கைப்பேசி வைத்திருக்கிற எல்லார் கையிலும் இருக்கிறது. என்ன செய்கிறோம்? கைப்பேசியில் ஒரு படம். 2017-க்குப் பிறகு வந்த ஆப்பிள் பேசி என்றால் ஹெய்க், மற்றவை பெரும்பாலும் ஜேபெக். அதைக் குடும்பக் குழுவில் போடுகிறோம். அரட்டைச் செயலி அளவைக் குறைத்து மறுபடி ஜேபெக் ஆக்குகிறது. ஒரு மாமா அதைத் திரைப்பிடிப்பு எடுத்து இன்னொரு குழுவில் போடுகிறார். மூன்றாவது கையில் சர்வே எண் 6-ஆ 8-ஆ என்று பஞ்சாயத்து. அதற்குள் மூலத்தைச் செல் அரித்திருக்கும், அல்லது வீடு இடித்துக் கட்டும்போது குப்பையோடு போயிருக்கும்.

அதனால் எனக்குத் தெரிந்த சில:

பழைய தாளை 300-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து பொடியாக இருந்தால் 600. கறுப்பு வெள்ளை வேண்டாம், வண்ணத்திலோ சாம்பலிலோ எடுங்கள். மங்கிய மையையும் அழுக்கையும் பிரித்தறிய அந்த நிற வித்தியாசம்தான் பின்னால் உதவும்.

மூலப்படியை டிஃப் அல்லது பிஎன்ஜியாக இரண்டு இடத்தில் வையுங்கள். அதைத் தொடாதீர்கள். வெட்டுவது, திருத்துவது, பகிர்வது எல்லாம் அதன் நகலில்.

கைப்பேசியில்தான் எடுக்க முடியும் என்றால் பாதகமில்லை. பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில், முழு அளவில் எடுத்த ஜேபெக் நல்ல சாட்சிதான். அனுப்பும்போது மட்டும் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள், அது புடைக்காமல் போய்ச்சேரும்.

பிடிஎஃப் என்றதும் பத்திரம் என்று நினைக்காதீர்கள். அது பை. உள்ளே இருப்பது ஜேபெக்கா, குரூப் 4-ஆ, ஜேபிக்2-ஆ என்பதைப் பொறுத்துத்தான் புள்ளியின் தலையெழுத்து.

ஓலையில் எழுதியவருக்குப் புள்ளியை விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஓலை கிழியும். நம்மிடம் கிழிகிற ஓலை இல்லை, பத்து மெகாபைட் இடம் ஒரு பொருட்டும் இல்லை. 'சேமி' என்று அமுக்குகிற அந்த ஒரு நொடியில் எந்த வகை என்று பார்த்து அமுக்கினால் போதும். பெருங்கதைக்கு முதலும் முடிவும் இல்லாமல் போனதற்குக் காரணம் சொல்ல இன்று ஆளில்லை. நம் வீட்டுக் காகிதங்களுக்கு அப்படி ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானுங்க.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரணில் இருப்பது என்ன என்று இந்த ஞாயித்துக்கிழமை ஏறிப் பாருங்க. செலந்திக்கும் தேளுக்கும் நான் பொறுப்பில்லை :-)